கோவாவா, காலியா, பாலியா: நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டை எங்கே எடுப்பது?

ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து நான்கைந்து நாள் ஒரு வீடு எடுத்துத் தங்கலாம் என்று பேச்சு எழுந்தால், வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுவது நீச்சல்குளப் படங்கள்தான். எந்த மாதம் போகிறோம், சமையல் யார், தனியாக வருகிறவருக்கு எந்த அறை, வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் முன்பணம் கட்டிய பிறகுதான் பேச்சுக்கு வரும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். ஹோட்டலில் நாலு அறை போடாமல் வீடாக எடுப்பதே, காலையில் லுங்கியோடும் நைட்டியோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கத்தான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாரும் எழுப்பி விடாமல் பேசிக்கொண்டிருக்கத்தான். அதற்கு எந்த ஊர் வீடு தோதாக இருக்கும் என்று கேட்டால், படங்களைப் பார்த்து வரும் விடை மாறிவிடும்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிளம்பும் குழுவின் பேச்சில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும்: கோவா, இலங்கையில் காலியிலிருந்து வெலிகம, மிரிஸ்ஸ வரை நீளும் தென்கரை, இந்தோனேசியாவின் பாலி. கேரளத்தில் மாராரிக்குளம், வர்க்கலா பக்கமும் அருமையான வீடுகள் உண்டு. ஆனால் அங்கே நிறைய இடங்களில் உரிமையாளர் குடும்பமும் கூடவே இருக்கும். அது வேறு வகையான தங்கல் என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

முதலில் மாதம்

கோவாவுக்கும் இலங்கைத் தென்கரைக்கும் ஒரே தென்மேற்குப் பருவமழைதான். கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்க முடியாது. கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள், உயிர்காப்பாளர்கள் விசில் அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மணலில் போட்டிருக்கும் கீற்றுக்கொட்டகை உணவகங்களை மழைக்கு முன்பே பிரித்து எடுத்துவிடுவார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் இருப்பதால், கோவாவுக்கே மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் ஏமாற்றம்தான். வாடகை அப்போது நன்றாகக் குறையும். மழையைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் சீட்டாடினால் போதும் என்கிற கூட்டத்துக்கு அது நல்ல பேரம். கடல்தான் வேண்டும் என்றால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை போக வேண்டும். அதிலும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான அந்தப் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். அதே வீட்டுக்கு அப்போது பல மடங்கு கேட்பார்கள்.

இலங்கைத் தென்கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கடல் அமைதியாக இருக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் இந்த மாதங்களில்தான். மே வந்தால் நிலைமை தலைகீழ்: தென்கரையில் அலை மிரட்டும், கிழக்கே அறுகம் குடா, பாசிக்குடா, நிலாவெளிப் பக்கம் வெயில் அடிக்கும். கிழக்கில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் எட்டுப் பேர் தங்கும் முழு வில்லா தென்கரை அளவுக்கு அங்கே கிடைக்காது.

பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் கொட்டும். ஆக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் எல்லாருக்கும் லீவு கிடைக்கும் என்றால் பாலியைத் தவிர வேறு வழியில்லை. பொங்கலை ஒட்டியோ, பிப்ரவரி, மார்ச்சிலோ என்றால் பாலியை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் பாருங்கள். மாதம் முடிவானால் மூன்றில் ஒன்றாவது தானாக விழுந்துவிடும் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன்.

பண்டிகைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலியில் பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியேப்பி என்ற மௌனத் திருநாளன்று காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையம் மூடப்படும், தெருவில் இறங்கக்கூடாது, ராத்திரி வெளியே தெரிகிற மாதிரி விளக்குப் போடக்கூடாது. எட்டு நண்பர்கள் ஒரு வீட்டுக்குள் ஒரு முழு நாள் அடைந்து கிடப்பது சிலருக்கு வரம், ஒன்றிரண்டு பேருக்கு நரகம். தெரிந்தே போனால் அது ஓர் அபூர்வமான ராத்திரி, அத்தனை நட்சத்திரம் தெரியும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்று மது விற்கமாட்டார்கள். ஏப்ரல் 13, 14 சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்கு வில்லா சமையல்காரர் சொந்த ஊருக்குப் போய்விடுவார், கடைகளும் சில நாள் அடைத்திருக்கும். சித்திரை விடுமுறைக்கு இலங்கைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து கோவாவுக்கும் கொழும்புக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பறப்புதான். கோவாவில் கவனிக்க வேண்டியது, இரண்டு விமான நிலையங்கள். தெற்குப் பக்கம் பழைய டபோலிம், வடக்கு எல்லைக்கு அருகே 2023 ஜனவரியில் சேவை தொடங்கிய மோபா. ஒருவர் சென்னையிலிருந்தும் ஒருவர் ஹைதராபாத்திலிருந்தும் ஒருவர் மும்பையிலிருந்தும் வரும்போது, மலிவாகக் கிடைத்ததென்று ஆளுக்கொரு விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். வீடு தென்கோடியில் பலோலெமில் இருக்க, மோபாவில் இறங்கினால் மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை டாக்ஸி. டிக்கெட்டில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். வீட்டை முடிவு செய்த பிறகே டிக்கெட் என்று குழுவில் ஒரு விதி போட்டுவிடுங்கள்.

கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாக வெலிகமவுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். அங்கே எல்லாரும் கேடிஎச் என்று சொல்லும் டொயோட்டா வேன் ஒன்றில் எட்டுப் பேரும் பெட்டிகளோடு ஏறிவிடலாம். பயணமே ஒரு கச்சேரி மாதிரி போகும். புறப்படும் முன் இணையவழி அனுமதி எடுக்க வேண்டும், அதன் கட்டண விதிகள் அடிக்கடி மாறியிருப்பதால் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிக்குச் சென்னைக்காரர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுகிறார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் கிடைக்கும் விசாவுக்கு 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலாத் தீர்வை 1.5 லட்சம் ரூபியா, ஆளுக்கு. நாலு ராத்திரிக்காக இவ்வளவு தூரம் போகக்கூடாது. பாலி என்றால் குறைந்தது ஆறு ராத்திரி.

வீட்டுக்குள் போனால்

கோவாவில் இரண்டு விதமான வீடுகள் உண்டு. ஒன்று, செம்பாறைக்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய போர்த்துகீசியர் காலத்து வீடு. வாசலில் எதிரும் புதிருமாகக் கல்லிருக்கை கட்டிய பல்காவ் என்ற முகப்பு இருக்கும். நம் ஊர்த் திண்ணை மாதிரிதான்: தெருவைப் பார்த்தபடி நாலு பேர் உட்கார்ந்தால் அரட்டை தானாக ஆரம்பித்துவிடும். சில வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பித் தகடு பதித்த ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன, காலை வெயில் அதன் வழியே பால் நிறத்தில் உள்ளே வரும். அழகில் இந்த வீடுகளுக்கு இணையில்லை. ஆனால் நண்பர் குழுவுக்கு இதில் ஒரு சிக்கல். பழைய வீடுகளில் ஓர் அறை வழியாகத்தான் இன்னோர் அறைக்குப் போக வேண்டியிருக்கும். குளியலறைகள் பின்னால் சேர்த்தவை, எல்லா அறையோடும் ஒட்டியிருக்காது. நடு அறையில் படுத்த தம்பதி ராத்திரி முழுக்க யாராவது கடந்து போவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் அறைப் படங்களைக் கேட்பதைவிட, கையால் வரைந்த தரைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கதவு எங்கே திறக்கிறது என்று அதில்தான் தெரியும்.

இன்னொன்று அசகாவ், சியோலிம், அஞ்சுனாப் பக்கம் வரிசையாக எழுந்திருக்கும் புது வில்லாக்கள். ஒவ்வோர் அறைக்கும் குளியலறை, ஏசி எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பல வில்லாக்கள் ஒரே வளாகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன, நீச்சல்குளம் பொதுவாக இருக்கலாம், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் பாட்டுப் போடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. அதனால் நீங்கள் பத்தே கால் மணிக்குச் சிரித்தாலும் காவலாளி வந்து கதவைத் தட்ட வாய்ப்புண்டு. தெற்கே பெனோலிம், அகோந்தா, பலோலெம் பக்கம் இந்த நெரிசல் குறைவு. பலோலெம் வளைகுடாவில் அலையும் சாது.

பாலியில் பணத்துக்குக் கிடைக்கும் வீடு மூன்றிலும் பெரிது. அதே தொகைக்குச் சொந்த நீச்சல்குளம், தோட்டம், மரத்தூண் மண்டபம் எல்லாம் வரும். ஜாவாவின் பழைய ஜோக்லோ வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து நிறுத்தியவை சிலவற்றில், செதுக்கிய உத்திரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டே மணிக்கணக்கில் அண்ணாந்து பார்க்கலாம். கவனிக்க வேண்டியது, பாலி வில்லாவின் கூடத்துக்குப் பெரும்பாலும் சுவரே இருக்காது. படத்தில் அது கண்ணைப் பறிக்கும். ஆனால் எட்டுப் பேரும் கூடிப் பேச வேண்டிய இடத்தில் ஏசி கிடையாது, சாய்வாக மழை அடித்தால் சோபா நனையும், அந்தி சாய்ந்ததும் கொசு வரும். அப்போது என்ன ஆகும் என்றால், ஒவ்வொருவராக அவரவர் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரிய வீடு எடுத்தும் நாலு ஹோட்டல் அறையில் தங்கிய மாதிரி ஆகிவிடும். பாலியில் எடுக்கிறவர்கள் கண்ணாடிக் கதவால் அடைத்துக்கொள்ளக்கூடிய கூடமா என்று கேட்டே ஆக வேண்டும்.

இலங்கைத் தென்கரை வீடுகளை எனக்கு அதிகம் பிடிப்பது இந்த இடத்தில்தான். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பாணி அங்கே வீடு கட்டுகிறவர்கள் கையில் இன்றும் தெரியும்: நடு முற்றம், மூன்று பக்கம் அகலமான விறாந்தை, மெருகேற்றிய சிமெண்டுத் தரை, மழையிலும் கதவு ஜன்னலைத் திறந்து வைக்க விடும் தாழ்வான கூரை. விறாந்தை ஆழமாக இருப்பதால் சாரல் உள்ளே வராது. அங்கேயே பத்துப் பேர் உட்காரும் நீள மேஜை போட்டிருப்பார்கள். படுக்கையறைகள் முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் கதவோடு இருக்கும். ஒருவர் சீக்கிரம் தூங்கப் போனாலும் மற்றவர் பேச்சு அவரைத் தொந்தரவு செய்யாது, அவர் போய்விட்டார் என்று கூட்டமும் கலையாது. காலிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக் காலத்து வீடுகளும் இதே அமைப்புதான். 1988-இலிருந்து அந்தக் கோட்டை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்பதால், அங்கே வீடுகளை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. கோட்டை வீடுகள் குறுகலானவை, கடலில் குளிக்க ஆட்டோ பிடித்து உனவட்டுன போக வேண்டும். நான்கு பேருக்குக் கோட்டை, எட்டுப் பேருக்குத் தல்பே, அஹங்கம, வெலிகம என்று பிரித்துக்கொள்வேன்.

சாப்பாடு

ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் பகல் முழுக்க யாருக்காவது பசிக்கும். முதல் நாள் ஆசையாகச் சமைப்பார்கள். இரண்டாம் நாள் யார் பாத்திரம் கழுவுவது என்று முகம் சுருங்கும். எந்தக் குழுவிலும் சமையல் கடைசியில் இரண்டு பேர் தலையில் விழும், பெரும்பாலும் அது பெண்கள் தலை. அவர்களும் லீவில்தான் வந்திருக்கிறார்கள். அதனால் சமையல் ஆள் இல்லாத வீட்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இலங்கையில் இது சுலபம். தென்கரை வில்லாக்களில் சமையல்காரரும் உதவியாளரும் வாடகையிலேயே அடக்கம் என்பது பரவலான வழக்கம். முதல் நாள் ராத்திரி வந்து நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்பார், காலையில் ஆட்டோவில் சந்தைக்குப் போய் வாங்கி வருவார், சாமான் செலவுக்குப் பில் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். காலையில் இடியாப்பம், பொல் சம்பல், பருப்புக் கறி. மதியம் வறுத்த தூள் போட்ட சூரைக் கறி, பலாக்காய்க் கறி, ஒரு சுண்டல், அப்பளம். தமிழ் நாக்குக்கு இதில் பழக வேண்டியது எதுவுமே இல்லை. குழுவில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் ஒன்றை மட்டும் முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டும்: மாசி போடக்கூடாது. சம்பலிலும் காய்க்கறிகளிலும் மாசிக்கருவாட்டை இடித்துப் போடுவது அங்கே சாதாரணம். கேட்காவிட்டால் அதைச் சொல்ல வேண்டும் என்று சமையல்காரருக்குத் தோன்றாது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். சமையலறை அவருடைய ராஜ்யம். ‘நானே பிரியாணி போடுகிறேன்’ என்று கிளம்பும் நண்பருக்கு அங்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அப்படிப்பட்ட நண்பர்கள் நிறைந்த குழுவுக்குக் கோவாதான். அடுப்படி முழுக்க உங்களுடையது. காலை ஆறரை மணிக்குப் போதேர் எனப்படும் ரொட்டிக்காரர் சைக்கிளில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருவுக்குள் வருவார். பின்னால் பெரிய மூங்கில் கூடை, மேலே நீல பிளாஸ்டிக் விரிப்பு, அதை விலக்கினால் சூடான பாவும் தவிடு ஒட்டிய பொயி (poee) என்ற ரொட்டியும். காசை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார் என்பதால், யாராவது ஒருவர் சீக்கிரம் எழுகிற ஆளாக இருக்க வேண்டும். மாப்ஸாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோவா சாசேஜ், கோகம் புளி, காய்கறி எல்லாம் வாங்கலாம். சமையல் ஆள் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்து தருவார், ஆனால் அது தனிச் செலவு, வேளைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும்.

பாலியில் வில்லா ஊழியர்கள் காலையில் வந்து சிற்றுண்டி செய்து, பூவும் தென்னங்குருத்துக் கூடையுமாக வாசலில் காணிக்கை வைத்து, துப்புரவு முடித்துப் போய்விடுவது வழக்கம். மற்ற இரண்டு வேளைக்கு வாருங் எனப்படும் சின்னக் கடைகள், இல்லையென்றால் கோஜெக், கிராப் செயலிகளில் வரவழைப்பது. தெம்பே, சோயாக்கட்டி, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காடோ காடோ என்று சைவம் சாப்பிடுகிறவருக்கும் வழியுண்டு. சம்பலில் தெராசி என்ற இறால் விழுது இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பல் தேய்க்கக்கூடப் பயன்படுத்தாதீர்கள். அங்கே காய்ச்சும் அராக் சாராயத்தை ஊர் பேர் தெரியாத கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம், மெத்தனால் கலந்து உயிர்ப்பலி ஆன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. மூன்றாம் நாள் ரசம் தேடும் நண்பர் இருந்தால் ரசப்பொடி கையோடு போகட்டும்.

வாடகையை எப்படிப் பிரிப்பது

ஊர் எதுவானாலும் நட்பில் உரசல் வருவது இங்கேதான். நான்கு அறை வீடு, ஐந்து ராத்திரிக்கு எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு தம்பதி, ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு நண்பர்கள், தனி அறை கேட்கும் ஒருவர், ஆக ஏழு பேர். தலைக்கு என்று பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 17,140. தனி அறைக்காரர் முழு அறையை வைத்துக்கொண்டு அறையைப் பகிர்கிறவர் கொடுப்பதையே கொடுக்கிறார். அறைக்கு என்று பிரித்தால் அறைக்கு 30,000. இப்போது தனியாக வந்தவர் தம்பதி இருவரும் சேர்ந்து கொடுப்பதை ஒருவராகக் கொடுக்கிறார். கூடத்தையும் குளத்தையும் மட்டும் அவர் ஒரு ஆளாகத்தானே அனுபவிக்கிறார். “மச்சி, நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்தானே, எதுக்கு டபுள்?” என்று தம்பதி கேட்பதும் நியாயம், “நான் சிங்கிள்னா அதுக்கு ஃபைனா?” என்று அவர் கேட்பதும் நியாயம்.

எனக்குச் சரியாகப் படுவது நடுவழி. வீட்டில் பாதி பொது இடம், பாதி படுக்கையறை. அதனால் வாடகையில் பாதியைத் தலைக்கும் மறுபாதியை அறைக்கும் போடுங்கள். 60,000-ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 8,570, மற்ற 60,000-ஐ நாலால் வகுத்தால் அறைக்கு 15,000. தம்பதிக்கு 32,140, அறையைப் பகிர்கிற நண்பர்களுக்கு ஆளுக்கு 16,070, தனி அறைக்காரருக்கு 23,570. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் யாரும் எதிர்ப்பதில்லை, ஏனென்றால் எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தெரிகிறது.

அறைகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் கடல் தெரியும், ஒன்று சமையலறைக்குப் பின்னால் இருக்கும். இதற்குக் கணிதத்திலேயே ஒரு வழி உண்டு. பிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999-இல் எழுதிய கட்டுரையில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த அறையையே எடுத்துக்கொள்கிற மாதிரி அறை வாடகைகளை அமைக்க முடியும் என்று நிரூபித்தார். நடைமுறையில் அதை இப்படிச் செய்யலாம்: எல்லா அறைக்கும் ஒரே விலையில் ஆரம்பியுங்கள். இரண்டு பேர் ஒரே அறையைக் கேட்டால் அதன் விலையை 500 ரூபாய் ஏற்றி, யாரும் கேட்காத அறையில் 500 குறையுங்கள். திரும்பக் கேளுங்கள். ஆளுக்கொரு அறை என்று பிரியும் வரை இது போகட்டும். வீடு போய்ச் சேரும் முன்பே வீடியோ காலில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். வாசலில் பெட்டியோடு ஓடிப் போய் அறை பிடிக்கும் அவசரம் அதோடு ஒழிந்தது.

அப்புறம் இரண்டு பணப்பை வையுங்கள். ஒன்று சாப்பாட்டுக்கு, எல்லாரும் சமமாகப் போடுவது. இன்னொன்று மதுவுக்கு, குடிக்கிறவர்கள் மட்டும் போடுவது. இதை ஒன்றாக்கினால் குடிக்காத நண்பர் வாய் திறந்து சொல்லமாட்டார், அடுத்த முறை வரமாட்டார். கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டால் அவருடைய வாடகைப் பங்கு திரும்பாது, மாற்று ஆள் கொண்டுவந்தால் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் பணம் வசூலிக்கும்போதே குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள். பாலியிலும் இலங்கையிலும் சேவைக் கட்டணமும் வரியும் சேர்க்காத விலையை முதலில் சொல்வதுண்டு. பாலியில் இவை இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை வரும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

வெளியே சுற்றுவதற்கு, கோவாவில் ஓலா, ஊபர் கிடையாது. மாநில ஆதரவுள்ள கோவாமைல்ஸ் செயலி உண்டு, இல்லையென்றால் டாக்ஸிக்காரரோடு பேரம். ஸ்கூட்டர் எடுத்தால் வாடகை வண்டிக்கான கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இலங்கையில் பிக்மீ செயலி, ஆட்டோ, காலிக்கும் மாத்தறைக்கும் போகும் கடற்கரைப் பாதை ரயில். பாலியில் ஓட்டுநரோடு நாள் வாடகைக் கார் வசதி, ஸ்கூட்டர் என்றால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும். அங்கே சாங்கூ (Canggu) என்ற ஊர்ப் பக்கம் போக்குவரத்து நெரிசல் பொறுமையைச் சோதிக்கும், கடலும் முரட்டு அலை. நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் இருந்தால் பவளத்திட்டுக்கு உள்ளே அமைதியான நீர் இருக்கும் சனூர் பக்கம் வீடு பாருங்கள்.

மூன்று ஊரிலும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: மின்சாரம் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா? இன்வெர்ட்டர் என்றால் விசிறியும் விளக்கும்தான் ஓடும், ஏசி ஓடாது. எட்டுப் பேர் அடுத்தடுத்துக் குளித்தால் மேல்தொட்டித் தண்ணீர் போதுமா? பழைய வீடென்றால் கழிவுநீர்த் தொட்டி எப்போது காலி செய்தார்கள்? இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் கேட்டுவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால், கட்டிலுக்கு வலை இருந்தாலும் பகலில் பூச மருந்து வேண்டும்.

எதை எடுப்பது

மூன்று நாள்தான் லீவு, பாஸ்போர்ட் இல்லாதவர் ஒருவர் இருக்கிறார், சமைப்பதில் ஆர்வமுள்ள கூட்டம் என்றால் யோசிக்காமல் கோவா, அதிலும் தெற்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு வாரம் ஒதுக்க முடியும், கொஞ்சம் கூடுதல் செலவுக்கும் எல்லாரும் தயார் என்றால் பாலி, கூடத்துக்குச் சுவர் உள்ள வீடாக. மற்றபடி ஐந்து ராத்திரி, டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய, தம்பதிகளும் தனியாட்களும் சைவமும் அசைவமும் கலந்த வழக்கமான நண்பர் குழு என்றால் என் கை இலங்கைத் தென்கரையைத்தான் காட்டும். பயணம் குறைவு, சமையல் யார் தலையிலும் விழாது, விறாந்தை மேஜையை விட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பிப்ரவரி என்று முடிவு செய்தால் தல்பேக்கும் வெலிகமவுக்கும் இடையே நான்கு அறை வீடாகத் தேடுங்கள். பிரதான சாலைக்குக் கடல் பக்கமா, நிலப் பக்கமா என்று வரைபடத்தில் பாருங்கள். கடல் பக்கம் வாடகை கூடுதல், நிலப் பக்கம் என்றால் ஒவ்வொரு முறையும் பேருந்துகள் பறக்கும் அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். போயா எந்த நாளில் வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்து அதற்கேற்ப ஐந்து ராத்திரியைக் குறித்துக்கொண்டு, தரைப்படத்தையும் மொத்த விலையையும் எழுத்தில் வாங்கிய பிறகு குழுவில் பணம் கேளுங்கள்.